கல்லின் முகம் – 9: எண்ணெய் மினுக்கு

கடினத்தைச் சோதிக்க ஆணியும் கண்ணாடித் துண்டும் தேவைப்பட்டன. இந்த வாரம் வெயில் போதும். கனிமத்தின் பரப்பில் பட்ட ஒளி எப்படித் திரும்புகிறது என்பதே மிளிர்வு. நிறம் வேறு, மிளிர்வு வேறு. கன்னங்கரேலென்று இருக்கும் இரண்டு மணிகளில் ஒன்று உலோகமாக மின்னும், மற்றது கண்ணாடியாக.

அம்பாசமுத்திரம் பக்கம் வீடு கட்டும் இடங்களில் முக்கால் சல்லி கொட்டியிருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். (பாபநாசத்துக்கு மேலே சுத்தியலோடு போக வேண்டாம், அது புலிகள் காப்பகம்.) பச்சை கலந்த கருமையில், நல்லெண்ணெய் தடவித் துடைத்த அம்மியைப் போல மினுக்கினால் அது பெரும்பாலும் சார்னோக்கைட். மேற்கு மலையின் இந்தப் பகுதியில் ஏராளமாக உள்ள பாறை. சென்னை பல்லாவரத்திலும் உண்டு. பல்லாவரத்துக் கல்லில் செய்ததுதான் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் பாறைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். கல்லறைக்குள் இருப்பவருக்கு இதைவிட நீடித்த நினைவுச்சின்னம் கிடைத்திருக்காது.

இதில் வியப்பு என்னவென்றால், பாறையில் மிகுதியாக இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். இரண்டும் வழக்கமாக வெளிறிய நிறம், கண்ணாடி மிளிர்வு. இங்கே மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பசையோடு தெரிகின்றன. படிகங்களுக்குள் ஓடும் நுண்ணிய விரிசல்களில் இரும்பு கலந்த கனிமங்கள் படிந்திருப்பதே காரணம் என்பது பொதுவான விளக்கம். வெயிலும் மழையும் பட்டு மட்கிய மேல்தோலில் இந்த மினுக்கு இருக்காது. அதனால்தான் மலைச்சரிவில் வெளுத்துக் கிடக்கும் அதே பாறை, குவாரியில் உடைந்ததும் வேறு கல்லாகத் தெரிகிறது.

மிளிர்வைப் பார்க்கக் கல் உலர்ந்திருக்க வேண்டும், உடைப்பு புதிதாக இருக்க வேண்டும். ஆற்றில் நனைந்த கூழாங்கல் எல்லாமே அழகுதான். காய்ந்ததும் சாயம் வெளுத்துவிடும். எண்ணெய்க் காப்பிட்ட சிலையின் பளபளப்பும் கணக்கில் சேராது.

எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதில் ஒளிவிலகல் எண்ணுக்குப் பெரும் பங்கு. குவார்ட்ஸுக்கு அது 1.54, நேராக விழும் ஒளியில் சுமார் நாலரை சதவீதமே திரும்பும். சிர்க்கான் என்ற கனிமத்தில் பத்து, வைரத்தில் பதினேழு, ரூட்டைல் என்ற கனிமத்தில் இருபதுக்கும் மேல். வைர மிளிர்வு என்று ஒரு வகையையே பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க உவரிக் கடற்கரைக்குப் போகலாம். மலையில் சிதைந்த பாறைகளின் மணிகளை ஆறுகள் கொண்டுவர, கனமானவற்றை அலை தனியே ஒதுக்கிவிடுகிறது. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், கொஞ்சம் ரூட்டைல், சிர்க்கான். இந்தத் தாது மணலை அள்ள 2013-இல் தமிழக அரசு தடை விதித்தது, பார்ப்பதற்குத் தடையில்லை. பத்து மடங்கு லென்ஸில் இல்மனைட் மங்கிய உலோகமாகத் தெரியும். கார்னெட்டில் உருண்ட மணியை விட்டுவிட்டு ஓரம் உடைந்த மணியாகத் தேடுங்கள். உருண்டது அலையில் தேய்ந்து சொரசொரத்திருக்கும். கண்ணாடி மிளிர்வு உடைந்த முகத்தில்தான் மிச்சம்.