ஓராண்டு முழுவதும் ஓர் இசைக்குழு
டெக்சாஸ் பள்ளிகளில் ‘பேண்ட்’ வகுப்பு நடைபெறும் விதம்

பள்ளியில் இசை என்றதும் பெரும்பாலும் ஆண்டு விழா மேடைதான் நம் நினைவுக்கு வரும். பாட நேரம் முடிந்தபின், ஆர்வமுள்ள சில மாணவர்களைக் கொண்டு நடத்தும் ஒன்றாகவே அது இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே ‘பேண்ட்’ என்பது கால அட்டவணையில் இடம்பெறும் பாடம். உயர்நிலைப் பள்ளி எனப்படும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை முடிக்க ஒரு கலைப் பாடத்திலாவது தேர்ச்சி வேண்டும். அதற்குப் பேண்ட் வகுப்பையும் தேர்வு செய்யலாம். மாணவர்கள் பெரும்பாலும் 6ஆம் வகுப்பில் கருவியைக் கையில் எடுக்கிறார்கள். அந்த வகுப்பின் ஓராண்டுப் பயணத்தில், எந்தப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் பயன்படும் செய்திகள் உள்ளன.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை: மைதானத்தில்

பள்ளி திறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் மாத வெயிலில் பயிற்சி தொடங்கிவிடுகிறது. இது அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பருவம். கால்பந்து மைதானத்தில் ஐந்து கெஜத் தூரத்தை எட்டு அடிகளில் கடக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் அடியும் 22.5 அங்குலம். உயரமான மாணவர் தம் அடியைச் சுருக்கிக்கொள்வார், குள்ளமானவர் நீட்டிக்கொள்வார். கால் தாளத்தைப் பிடிக்க, கண் வரிசையைப் பார்க்க, வாய் சுரத்தை ஊத வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் இவர்கள் ஊர் மக்கள் முன் வாசிக்கிறார்கள். அக்டோபரில் வட்டார அளவிலான அணிவகுப்புப் போட்டிகள் தொடங்குகின்றன.

இப்போட்டிகளை நடத்துவது 1910இல் தொடங்கப்பட்ட ‘யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்’ என்னும் அமைப்பு. பயிற்சி மிகுந்து படிப்பு கெடக்கூடாது என்பதற்காக, பள்ளி தொடங்கியபின் பாட நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற வரம்பு உள்ளது.

குளிர்காலம்: வகுப்பறைக்குள்

நவம்பருக்குப் பிறகு மாணவர்கள் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் பருவம் வருகிறது. உண்மையான இசைக் கல்வி ஆழம் பெறுவது இப்போதுதான். வகுப்பு பாடலில் தொடங்குவதில்லை. முதலில் மூச்சுப் பயிற்சி, அடுத்து ஒரே சுரத்தை நீட்டி ஊதுதல், பிறகு சுர வரிசைகள், அதன்பின் சுருதி சேர்த்தல். இவையெல்லாம் முடிந்த பின்னரே பாடலின் சிறு பகுதியை எடுக்கிறார்கள்.

ஆசிரியரின் பணி எளிதன்று. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட், டிரோம்போன், டியூபா, தாளக் கருவிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் உண்டு. கிளாரினெட் மாணவர் தம் தாளில் ‘சி’ என்று இருப்பதை வாசித்தால் ஒலிப்பது ‘பி பிளாட்’. புல்லாங்குழல் மாணவருக்கோ எழுதியிருப்பதே ஒலிக்கும். ஒரே சுரத்தை அறையிலுள்ள அனைவரும் சேர்ந்து ஒலிக்க, கருவிக்கு ஏற்பத் தாள்களில் வெவ்வேறு சுரம் எழுதப்பட்டிருக்கும். ஒரே கற்றல் விளைவுக்கு வெவ்வேறு வழிகளில் மாணவர்களை அழைத்துச் செல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஓர் இசைப்பகுதியில் முதல், இரண்டாம், மூன்றாம் கிளாரினெட் எனப் பிரிவுகள் இருக்கும். மூன்றாம் கிளாரினெட்டுக்கு மெட்டு அரிதாகவே கிடைக்கும். ஆனால் அது ஒலிக்காவிட்டால் நடுவில் ஒரு வெறுமை தோன்றும். நீண்ட சுரம் வந்தால், ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் தொடர்ந்து ஊத வேண்டும். யார் எப்போது மூச்சு வாங்குவது என்பதை மாணவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். கேட்பவர்க்கு ஒலி அறுபடுவதே இல்லை.

மாநில இசைக்குழுவுக்கான தேர்வுகளும் இப்பருவத்தில் நடைபெறுகின்றன. நடுவர்கள் மாணவரைப் பார்ப்பதில்லை. திரைக்கு அப்பாலிருந்து ஒலியை மட்டுமே கேட்டு மதிப்பிடுகிறார்கள்.

வசந்தகாலம்: மதிப்பீடு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேடை மதிப்பீடு நடக்கும். ஒவ்வொரு குழுவும் ஓர் அணிநடைப் பாடலையும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து இரண்டு பாடல்களையும் மூன்று நடுவர்கள் முன் வாசிக்கிறது. முடிவு முதல் இடம், இரண்டாம் இடம் என அறிவிக்கப்படுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை தரப் பிரிவு வழங்கப்படுகிறது. பத்துக் குழுக்களும் தகுதியை எட்டினால் பத்துக்கும் முதல் பிரிவு. அடுத்த பள்ளி தோற்றால்தான் நாம் வெல்லலாம் என்ற நிலை இங்கே இல்லை.

அதன்பின் இன்னோர் அறை. இதுவரை பார்த்திராத ஒரு பாடல் மாணவர்களிடம் தரப்படுகிறது. ஆசிரியர் சில நிமிடங்கள் மட்டும் விளக்கலாம். அந்நேரத்தில் மாணவர்கள் கருவியை ஊதக்கூடாது. விரல்களை நகர்த்திப் பார்க்கலாம், தாளம் தட்டலாம், பாடலாம். பிறகு நேராக வாசிக்க வேண்டும். மாதக்கணக்கில் பழகிய மூன்று பாடல்கள் மனப்பாடத்தைக் காட்டக்கூடும். புதிய பாடலோ, மாணவர் இசையைப் படிக்கக் கற்றாரா என்பதைக் காட்டிவிடுகிறது.

தேர்ச்சி இல்லையேல் மேடை இல்லையா?

1984இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஏதேனும் ஒரு பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே பெறும் மாணவர் பள்ளிப் போட்டிகளில் பங்கேற்க முடியாது. தொடக்கத்தில் இத்தடை ஆறு வாரங்கள் நீடித்தது. 1995இல் விதி தளர்த்தப்பட்டது. மதிப்பெண் உயர்ந்தால் மூன்று வாரங்களில் திரும்பலாம். இடைப்பட்ட நாட்களில் பயிற்சியில் கலந்துகொள்ளலாம்.

மேடை ஆசை படிக்கத் தூண்டும் என்பது ஒரு தரப்பு. பள்ளியோடு ஒரு மாணவரைக் கட்டிவைத்திருக்கும் ஒரே கயிற்றை அறுக்கலாமா என்பது மறு தரப்பு. பயிற்சியிலிருந்து விலக்காமல் வைத்திருக்கும் இன்றைய விதி இரண்டுக்கும் இடையே ஒரு வழி. ஆனால் அணிவகுப்பில் ஒருவர் விலகினால் அவர் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். எனவே கணக்கில் பின்தங்கிய மாணவருக்கு அவர் பக்கத்தில் நிற்கும் மாணவரே கணக்குச் சொல்லித்தரும் தேவை உருவாகிறது.

நம் வகுப்பறைக்கு

மே மாதப் பட்டமளிப்பு விழாவுடன் ஆண்டு முடிகிறது. இறுதியாண்டு மாணவர்கள் விடைபெற, ஆகஸ்டில் புதியவர்கள் வருவார்கள். குழு மீண்டும் மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கும்.

இங்கே கருவிகள் இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் உண்டு. குழுச் செயல்பாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும், அது இல்லாமல் பணி முழுமை பெறாத ஒரு பங்கைத் தந்திருக்கிறோமா? பழகியதை மட்டும் கேட்கிறோமா, புதியதையும் படிக்கச் சொல்கிறோமா? மெதுவாகக் கற்கும் குழந்தை மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் இருக்கும் குழந்தை தொடர்ந்து ஊதப் பழக்கியிருக்கிறோமா?