விசைத் தொலைநோக்கி வழிதவறுவது ஏன்?

ஊரப்பாக்கம் போன்ற புறநகர்களில் மொட்டை மாடியில் நின்று வானை நோக்க விழைவோர், மோட்டார் பூட்டிய தொலைநோக்கியை ஆவலோடு வாங்குகின்றனர். சனிக்கோளைக் காட்டுக என்றால் அது வெற்றிருளைக் காட்டுகிறது. சலிப்புற்று அதனைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். பொறியைப் பழிக்குமுன், அதற்கு நாம் உரைத்தவை மெய்தாமா என ஆராய்தல் வேண்டும்.

புவி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. அரை மணியை விடுத்து 5 எனப் பதிந்தால், கருவி முதல் விண்மீனைத் தேடும்போதே ஏழரைப் பாகை, அதாவது பதினைந்து முழுநிலவுகளின் அகலம், விலகி நிற்கும். அங்குள்ள வேறொரு மீனையே உரியதென நாமும் ஒப்புக்கொண்டால் அன்றிரவு முழுதும் பிழைதான். ‘அல்தெபரான்’ எனக் கருவி கேட்கையில் திகைப்பவர் பலர். ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் இவ்வரபுப் பெயர், கார்த்திகையைத் தொடர்ந்து எழும் நம் ரோகிணிக்கு உரியது!

துருவமீனை நோக்கி அச்சை நிறுத்தும் வகையாயின் இடர் வேறு. ஊரப்பாக்கம் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளதால் துருவமீனும் அடிவானுக்குமேல் அவ்வளவே உயரும். வடக்கே சென்னையின் ஒளி அதனை விழுங்கிவிடும். காந்த ஊசியை மோட்டாருக்குச் சற்று அப்பால் வைத்து வடக்கறிந்து, அச்சை 13 பாகை சாய்த்தால் கண்ணால் காண்பதற்குப் போதும். 1986-இல் காவலூரில் நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அச்சும் அவ்வூரின் அகலாங்காகிய ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகைக்கே சாய்ந்துள்ளது.

இத்தனைக்குப் பின்னும் பொறி தானே அலைந்தால், மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். ஆற்றல் தளர்ந்த மின்கலமும் இவ்வாறு அலைக்கழிக்கும்.