படக்கோப்பு திறக்கவில்லையா? முதலில் கார்டை வெளியே எடுங்கள்



"டீச்சர், கார்டைப் போட்டா ஃபார்மெட் பண்ணணுமான்னு கேட்டுச்சு. நான் 'யெஸ்' அமுக்கிட்டேன்."

ஆறாம் படிவ மாணவி ஒருத்தி கலங்கிய கண்ணோடு என்னிடம் சொன்னது இது. குளுவாங் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில், இடிக்கப்படவிருந்த லயத்து வீடுகளை வரலாற்று இடுபணிக்காகப் படம் எடுத்திருந்தாள். கடைசிப் படத்தில் அவளுடைய பாட்டி, தாம் பிறந்த வீட்டு வாசலில் நிற்கிறார். அந்தப் படம் பதிவாகிக்கொண்டிருந்தபோதே கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வீட்டில் கார்டைக் கணினியில் போட்டபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஃபார்மெட் செய்த அதே கார்டில், மறுநாள் பள்ளி விளையாட்டுப் போட்டியை வேறு 20 படங்கள் எடுத்துவிட்டாள். என்னிடம் வந்தபோது லயத்து வீடுகளை இடித்து முடித்திருந்தார்கள். மறுபடி போய் எடுக்க வழியில்லை.

இதில் எங்கே தவறு நடந்தது, எதை மீட்க முடியும் என்று பார்ப்போம்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது?

மெமரி கார்டை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பொருளடக்கம், உள்ளே பாடங்கள். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொருளடக்கம் சொல்லும். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் பொருளடக்கம் கெட்டுப்போகலாம். கணினி அதைப் படிக்க முடியாமல்தான் 'ஃபார்மெட் செய்யவா?' என்று கேட்கிறது. விரைவு ஃபார்மெட் செய்தால் புதிய வெற்றுப் பொருளடக்கம் வரும். பாடங்கள் பெரும்பாலும் அப்படியே உள்ளே இருக்கும்.

படத்தை உண்மையில் அழிப்பது அதன் பிறகு நாம் எழுதும் புதிய படங்கள்தான். அந்த 20 விளையாட்டுப் படங்கள் பழைய படங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டன.

பாதிப் படம் ஏன் சாம்பல் நிறமாகிறது?

நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் வகை. இந்தத் தரம் 1992இல் வந்தது. இதன் அடிப்படைக் கணிதத்தை அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர் 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் குறைத்துச் சுருக்குவதே இதன் வேலை. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களே, இழப்புள்ள சுருக்கத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கட்டங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதப்படும். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டே பதிவாகும். அதனால் நடுவில் ஓரிடம் கெட்டால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நிறம் மாறும் அல்லது சாம்பலாகும்.

என்ன செய்யலாம்? வரிசையாகச் செய்யுங்கள்

1. கார்டை உடனே வெளியே எடுங்கள். அதில் ஒரு படம்கூட புதிதாக எடுக்காதீர்கள். பெரிய எஸ்டி கார்டின் ஓரத்தில் சின்னப் பூட்டு விசை இருக்கும். அதைப் பூட்டிவிடுங்கள்.

2. வேறு கார்டு ரீடரில், வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். சில நேரம் பழுது ரீடரில்தான் இருக்கும். எந்தக் கணினிக்கும் கார்டு தெரியவே இல்லை என்றால், திரும்பத் திரும்பச் செருகாமல் தரவு மீட்புக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

3. ஒரு படம் மட்டும் திறக்கவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். சுழியம் என்றால் உள்ளே எதுவும் இல்லை, வேறு பிரதியைத் தேடுங்கள். மற்றப் படங்களைவிட மிகச் சிறியது என்றால், பாதியில் நின்ற பிரதியாக இருக்கலாம். மூலத்திலிருந்து மீண்டும் நகலெடுங்கள். அளவு சரியாக இருந்தால் கோப்பு வகையைப் பாருங்கள். ஐபோனின் ஹெய்க் வகைப் படங்கள் பழைய கணினிகளில் திறக்காது. அது பழுது அல்ல.

4. குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படத்தை நீக்கினாலும் 60 நாள் அங்கே இருக்கும். புலனத்தில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடமும் கேளுங்கள். தரம் குறைந்திருந்தாலும் படம் கிடைக்கும்.

5. எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இது பொருளடக்கத்தை நம்பாமல், படக்கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடும். மீட்ட படங்களைக் கணினியிலேயே சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம். கோப்புகளின் பழைய பெயர்கள் வராது, எண்கள்தான் வரும்.

6. கணினி கேட்கும் 'பிழை திருத்தவா?' என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்லுங்கள். பிழை திருத்தமும் கார்டில் எழுதும் வேலைதான்.

அந்த மாணவிக்கு என்ன கிடைத்தது?

ஃபோட்டோரெக்கை ஓடவிட்டோம். கார்டின் தொடக்கத்தில் இருந்த படங்கள் போனது போனதுதான். மீதி நல்லபடியாக வந்தன. பாட்டியின் படத்தில் கூரையும் முகமும் தெரிந்தன, கீழ்ப்பாதி சாம்பல். ஆனால் கேமரா ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் ஒரு குட்டிப் படத்தையும் சேர்த்து வைக்கும். ஃபோட்டோரெக் அதையும் தனியாக எடுத்துக் கொடுத்தது. தபால் தலை அளவுதான். அதில் பாட்டி முழுதாக நின்றார், வாசற்படியோடு. அதையே இடுபணியில் ஒட்டி, "மூலப்படம் சேதமடைந்தது" என்று கீழே எழுதினாள்.

இனிமேல்

பேட்டரி சிவப்பு காட்டினால் படம் எடுப்பதை நிறுத்துங்கள். கார்டில் உள்ளதை 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். விரலியை உருவும் முன் பாதுகாப்பாக வெளியேற்றுங்கள். முக்கியமான படங்களைப் புலனத்தில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று அனுப்பினால் தரம் குறையாது. எடுத்த அன்றே கணினியில் ஒன்று, இணைய வட்டில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

ஆசிரியர்களே, இடுபணிக்கு மாணவர்களை வெளியே அனுப்பும் முன் இந்தக் கடைசிப் பத்தியை வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.