ஜலதோஷத்தின் பங்காளிகள்

2020 மார்ச் கடைசி. ஊரடங்கை மீறி வண்டியில் வந்தவர்களைச் சென்னைச் சாலை ஒன்றில் ஒரு காவல் ஆய்வாளர் மறித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் இருந்த ஹெல்மெட் முழுக்கச் சிவப்பு முட்கள். உடைந்த ஹெல்மெட் ஒன்றில் காகிதத்தை ஒட்டி ஓர் ஓவியர் செய்து கொடுத்தது. அந்தப் படம் உலகமெங்கும் சுற்றியது. ஓவியர் பிடித்த பிடி சரியானது. கொரோனா வைரஸில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த முள்ளைத்தான்.

நிறம் மட்டும் கற்பனை. வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் தேறும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே மிகக் குறுகிய அலை இதைப் போல நான்கு மடங்கு நீளம். இவ்வளவு சின்னப் பொருளுக்குச் சிவப்பு ஏது, பச்சை ஏது! எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எல்லாமே சாம்பல் நிறம்தான்.

மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸை அந்தச் சாம்பல் நிறப் படத்தில் முதலில் பிடித்தவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோ நகரத்துப் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகள். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குப் போனவர். 1964இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அப்போது சாலிஸ்பரி அருகே டேவிட் டைரல் என்பவர் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். தாமாக முன்வந்தவர்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மூக்கில் சொட்டு விட்டு, யாருக்குத் தும்மல் வருகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. 1960இல் விடுதிப் பள்ளி மாணவன் ஒருவனின் மூக்கைக் கழுவி எடுத்த நீரும் அவர்களிடம் இருந்தது. அதற்கு பி814 என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை மூக்கில் விட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் சளி பிடித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பலருக்குப் பிடித்தது. வழக்கமான செல் வளர்ப்புக் குப்பிகளில் மட்டும் அது வளர மறுத்தது. மூச்சுக்குழல் திசுவில் வைத்தபோதுதான் பெருகியது.

டைரல் அனுப்பிய மாதிரியை அல்மெய்டா படமெடுத்தார். உருண்டை, சுற்றிலும் ஒளிவட்டம் போல முட்கள். அவருக்கு அது புதிய முகம் இல்லை. கோழிகளின் மூச்சுக்குழல் நோயிலும் எலிகளின் கல்லீரல் நோயிலும் இதே உருவத்தை முன்பே பார்த்து, கட்டுரையும் எழுதியிருந்தார். இன்ஃப்ளுயன்சா வைரஸைச் சரியாகப் படம் பிடிக்கத் தெரியவில்லை என்ற பாணியில் அது திரும்பி வந்திருந்தது. இப்போது மூன்று நோய்க்கும் ஒரே குடும்பம் என்று தெளிவானது. முடி, அதாவது கிரீடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'கொரோனா' என்ற பெயர் 1968இல் அச்சேறியது.

பெயர் கம்பீரமாக இருந்தாலும் ஆள் அப்போதைக்கு வெறும் ஜலதோஷக்காரன்தான். மனிதருக்கு நோய் தரும் கொரோனா வைரஸ்கள் இன்று ஏழு. 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்ற நான்கும் ஆண்டுதோறும் சளியும் தொண்டைக் கரகரப்பும் தந்துவிட்டுப் போகின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் எல்லோருக்குமே அநேகமாக இவற்றில் ஒன்றாவது வந்து போயிருக்கும். மற்ற மூன்றும் பங்காளிகள். ஒரே வம்சம், வேறு குணம். 2002இல் தென்சீனத்தில் கிளம்பிய சார்ஸ் 8,096 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. 2012இல் சவூதி அரேபியாவில் தெரியவந்த மெர்ஸ், ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்கு வருவது. உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தார்கள். மூன்றாவது, 2019இல் வந்த கோவிட். ஒரே குடும்பத்தில் ஒன்று மூக்கொழுகலோடு நிற்கிறது, இன்னொன்று உயிரைக் கேட்கிறது. ஏன்?

முதலில் வைரஸைப் பிரித்துப் பார்ப்போம். வெளியே கொழுப்பாலான மெல்லிய உறை. எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியில் சோப்பு என்ன செய்யுமோ அதையே இந்த உறையிலும் செய்கிறது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை கொழுப்பைப் பிடிக்கும். கொழுப்பு முனைகள் உறைக்குள் நுழைந்து நெம்ப, உறை கிழிந்து வைரஸ் சிதறிவிடும். கையைத் தேய்த்து 20 விநாடி கழுவச் சொன்னது இதற்காகத்தான்.

உறைக்குள்ளே ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ. இன்ஃப்ளுயன்சாவிடம் இருப்பது இதில் பாதிகூட இல்லை. ஆர்என்ஏ வைரஸ்கள் பொதுவாக அவசரக் குடுக்கைகள். நகலெடுக்கும்போது பிழைகளை அள்ளி இறைக்கும். இவ்வளவு நீளமான பிரதியில் அப்படிப் பிழை மலிந்தால் வம்சமே நசிந்துவிடும். அதனால் கொரோனா வைரஸ்கள் ஒரு மெய்ப்புத் திருத்துநரைக் கூடவே வைத்திருக்கின்றன. நகலில் தப்பான எழுத்து விழுந்தால் வெட்டி எடுக்கும் என்சைம் அது. பத்திரிகை ஆபீஸ் அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், எவ்வளவு நல்ல திருத்துநருக்கும் ஒன்றிரண்டு பிழை தப்பும். கோடிக்கணக்கான உடம்புகளில் அப்படித் தப்பியவை சேர்ந்துதான் டெல்டாவும் ஓமிக்ரானும் வந்தன.

இனி முள். ஸ்பைக் புரதம் என்பது அதன் பெயர். அது ஒரு சாவி. நம் செல்லின் மேலிருக்கும் ஏதாவதொரு புரதம் அதற்குப் பூட்டு. மெர்ஸ் வைரஸின் பூட்டு டிபிபி4. சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிப்டின் வகை மாத்திரைகள் தடுப்பதும் இதே புரதத்தின் வேலையைத்தான். சார்ஸும் கோவிடும் ஏசிஇ2 என்ற பூட்டைத் திறக்கின்றன. ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் வேலையில் இருக்கும் புரதம் அது; மூக்கு, நுரையீரல், குடல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றிலும் உண்டு. அப்படியானால் பூட்டுதான் விதியை எழுதுகிறதா என்றால் இல்லை. சாதாரணச் சளியைத் தரும் என்எல்63இன் பூட்டும் ஏசிஇ2தான்.

வித்தியாசம் இடத்திலும் நாளிலும் இருக்கிறது. சார்ஸ் பெரும்பாலும் நுரையீரலின் ஆழத்தில் பெருகியது. நோயாளி படுத்த படுக்கையான இரண்டாம் வாரத்தில்தான் வைரஸை அதிகமாக வெளியேற்றினார். எனவே காய்ச்சல்காரர்களைத் தனிமைப்படுத்தியதுமே சங்கிலி அறுந்தது. 2003 ஜூலைக்குள் அடங்கிவிட்டது. கோவிட் வைரஸ் தொண்டையிலும் மூக்கிலும் முதலில் பெருகுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே, ஆள் நன்றாகக் கடைக்குப் போய் வரும்போதே பரவுகிறது. தொற்றியவர்களில் இறந்தோர் விகிதம் சார்ஸைவிடக் குறைவு. ஆனாலும் கணக்கில் வந்த சாவுகளே 70 லட்சத்தைத் தாண்டின.

உடம்புக்குள்ளும் நாள் கணக்கு முக்கியம். முதல் வாரம் வைரஸின் வாரம். இரண்டாவது வாரம் பலருக்கு நோய் தணிந்துவிடும்; சிலருக்கு அப்போதுதான் வினையே ஆரம்பிக்கும். வைரஸ் குறைந்துகொண்டே வரும்போது எதிர்ப்பாற்றல் கட்டுமீறி எழுகிறது. நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நீர் கசிகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிறது. நோயாளியின் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 85 என்று காட்டும்; அவரோ செல்போனில் பேசிக்கொண்டிருப்பார். மூச்சு முட்டும் உணர்வை எழுப்புவதில் கரியமில வாயுவின் பங்கு பெரிது. ஆக்சிஜன் உள்ளே போகத் தடுமாறும்போதும் அது சுலபமாக வெளியேறிவிடுகிறது. அதனால் உடம்பின் எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது.

டெக்ஸாமெத்தசோன் பலித்ததும் இதனால்தான். அது வைரஸைத் தொடுவதே இல்லை. எதிர்ப்பாற்றலின் மூர்க்கத்தைத் தணிக்கும் பழைய, மலிவான ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்த முடிவு: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. மருந்து ஒன்றுதான், வாரம் மாறினால் பலன் மாறுகிறது. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் நாட்டில் ஸ்டீராய்டைக் கண்டபடி எடுத்ததும் 2021இல் கருப்புப் பூஞ்சை பெருகக் காரணங்களில் ஒன்றானது.

வாசனை போனது வேறு கதை. காபிப் பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தும் ஒன்றும் தெரியாமல் திகைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்பு செல்களில் ஏசிஇ2 பூட்டு கிடையாது. அவற்றைத் தாங்கிப் பேணும் துணைச் செல்களில் உண்டு. அவை அடிபட்டதும் நரம்பும் செயலிழந்தது. துணைச் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை என்பதால்தான் பெரும்பாலோருக்கு சில வாரங்களில் காபி மறுபடி மணந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. களைப்பு, மூச்சிரைப்பு, மறதி என்று மூன்று மாதம் கடந்தும் தொடரும் நெடுங்கோவிட் பலரை இன்னும் வாட்டுகிறது.

"ஊசி போட்டும் வந்துடுச்சே!" என்ற அங்கலாய்ப்பைக் கேட்காத வீடு இல்லை. அதற்கான பதில் சாலிஸ்பரியிலேயே கிடைத்திருந்தது. அங்கே தன்னார்வலர்களின் மூக்கில் 229இ வைரஸை விட்டார்கள். ஒரு வருடம் கழித்து அதே ஆட்களுக்கு அதே வைரஸை மறுபடியும் விட்டார்கள். முதல் முறை தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் மூக்கில் வைரஸ் திரும்பக் குடியேறியது. ஆனால் ஒருவருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. வாசலில் நிற்கும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்துவிடும். உள்ளே இருக்கும் நினைவு செல்கள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. இந்த முடிவு 1990இல் வெளியானது. ஜலதோஷத்துக்கு இனி எதற்குத் தனி நிலையம் என்று சாலிஸ்பரி நிலையத்தை இழுத்து மூடியதும் அதே ஆண்டில்தான்.