இன்ஜினை மாற்றினீர்கள், பிரேக்கை யார் பார்ப்பது?

கோத்தகிரி வட்டாரத்தில் பழைய ஜீப்புக்கு ஓய்வு கிடையாது. பச்சைத் தேயிலை மூட்டை, காரட், உருளைக்கிழங்கு, தோட்டத்து ஆட்கள் என எது வந்தாலும் ஏற்றிக்கொண்டு ஓடும். இவற்றில் பல வண்டிகள் கம்பெனி அனுப்பிய உருவத்தில் இன்று இல்லை. பெட்ரோல் இன்ஜின் போய் டீசல் வந்திருக்கும், டயர் பெரிதாகியிருக்கும், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் ஏறியிருக்கும். பின்சக்கரத்து டிரம் மட்டும் பழையபடியே இருக்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். ஆனால் அதன் வேர் வேறு இடத்தில் இருக்கலாம் என்பதை மாற்றம் செய்த வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மலையில் பிரேக் சுமக்கும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். 1,500 கிலோ எடையுள்ள ஜீப் குஞ்சப்பனை வழியாகக் கீழே வந்து சேரும்போது சுமார் 2.2 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கைத் தாங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக் லைனிங்கின் தலையில்தான் விழும்.

லூயி ரெனோ 1902-இல் வடிவமைத்த டிரம் பிரேக்கின் அடிப்படை இன்றும் மாறவில்லை. சுழலும் டிரம்முக்குள்ளே இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து அழுத்தும். சூடேறினால் டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும். அதனால்தான் நீண்ட இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது.

காலுக்குத் தெரிவது

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே பாதி நோயைப் பெடல் சொல்லிவிடும். முதல் மிதியில் பெடல் தாழ்ந்து, இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் செய்தால் போதும். மெத்தென்று பஞ்சு போல இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கலாம், எங்காவது கசியவும் செய்யலாம். பெடல் கல் போல இருந்தும் வண்டி நிற்கவில்லையா? லைனிங் சூட்டில் கண்ணாடி போல மின்னிப்போயிருக்கும், அல்லது மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டர் வேலை செய்யாது.

காலையில் நன்றாக இருந்த பெடல் பாதி மலையில் மட்டும் மெத்தென்று ஆனால், சந்தேகம் பிரேக் ஆயில் மேல் போக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தர விதிப்படி டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 140 டிகிரி இருந்தால் போதும். டாட் 4 வகைக்கு அவை 230, 155. கொதித்தால் லைனில் ஆவி நிற்கும். ஆவியை மிதித்து என்ன பயன்? மூடுபனியிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வீண்செலவு அல்ல.

டிரம்மைக் கழற்றினால்

உள்ளிருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். பிறகு ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்து ரப்பர் உறையைச் சிறிய ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. உறை காய்ந்திருந்து, ஷூக்கள் பொருத்தியிருக்கும் தட்டின் நடுவிலிருந்து கருத்த பிசுக்கு வழிந்து கியர் ஆயில் நாற்றம் அடித்தால், குற்றவாளி ஆக்ஸில் ஆயில் சீல். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் தேய்த்துத் திரும்பப் போடுவது ஆபத்து. சூடேறியதும் எண்ணெய் மீண்டும் கசிந்து வரும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கும். லேத்தில் பிடிக்கலாம், ஆனால் டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. ஷூவை அட்ஜஸ்ட் செய்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும்.

மாற்றத்தால் வந்த வினை

புது லைனிங் போட்டும் தீரவில்லை என்றால், இந்த வண்டியில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். பழைய டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் லைனுக்குள் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். அதே சிலிண்டரில் டிஸ்க்கை இணைத்தால் முன்பக்கம் உரசிச் சூடாகும். வால்வு இல்லாத சிலிண்டர் போட்டால் பின் டிரம்முக்கு இரண்டு மிதி தேவைப்படும். பின் லைனுக்குத் தனியாக 10 பவுண்டு அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு வைப்பதே முறை.

டீசல் இன்ஜினில் பூஸ்டருக்கான வெற்றிடம் பெட்ரோல் இன்ஜின் போலத் தானாகக் கிடைக்காது; வாக்குவம் பம்ப் வேண்டும். பூஸ்டரைச் சோதிக்க, இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் நலம். டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிடி சுமார் 9 சதவீதம் குறையும். டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் அழுத்தம் சரியாகப் பங்கிடப்படாவிட்டால், ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சுழற்றிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மிகப் பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். பின்னால் ஒரு வீல் சிலிண்டர் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. இரண்டு அறைகொண்ட டேண்டம் சிலிண்டர் இருந்தால் பாதி பிரேக்காவது மிஞ்சும். செய்யத்தக்க முதல் மாற்றம் அதுதான். கம்பெனியின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இறக்கத்தில் கருகிய நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கல் போட்டு, தானாக ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விடலாம். இன்ஜினுக்கும் டயருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் மனம், அதில் ஒரு பங்கை வீல் சிலிண்டருக்கும் லைனிங்குக்கும் முதலிலேயே எடுத்துவைக்கட்டும். மலை ஏறத் தெம்புள்ள வண்டிக்கு, இறங்கும் தகுதியும் இருந்தாக வேண்டும்.