முதலில் ஆப்பசோடா

மே மாதத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். டைஎத்தில் ஈதர் கொதிக்கவோ 35 டிகிரியே போதும். கரிமக் கலவையைப் பிரிக்கும் பிராக்டிகலில் ஈதர் பாட்டிலைத் திறந்ததுமே ஆவி கிளம்பிவிடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி மேஜையோடு ஊர்ந்துபோய், தள்ளி எரியும் பர்னரிலும் தீப்பற்றும். நம் ஊர் வெயிலுக்கு, 77 டிகிரியில் கொதிக்கும் எத்தில் அசிட்டேட்டே நல்லது என்பேன்.

மாணவர் கையில் ஒரு வெள்ளைப் பொடி. அதில் பென்சாயிக் அமிலம், பீட்டா நாப்தால், நாப்தலீன் மூன்றும் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாப்தலீன், பீரோவில் போடும் பாச்சை உருண்டைதான், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டும்தான் சிக்கல். இரண்டுமே ஏறக்குறைய 122 டிகிரியில் உருகுபவை. உருகுநிலையை மட்டும் வைத்து எது எதுவென்று சொல்ல முடியாது. அமிலத்தன்மையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.2, நாப்தாலுக்கு 9.5. இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் வலிமை பத்து மடங்கு குறையும். ஆக, பென்சாயிக் அமிலம் சுமார் 2 லட்சம் மடங்கு வலியது.

கார்பானிக் அமிலத்தின் 6.4 இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. அதனால்தான் அந்த அமிலத்தின் உப்பான சோடியம் பைகார்பனேட், அதாவது வீட்டு ஆப்பசோடா, பென்சாயிக் அமிலத்தை மட்டும் உப்பாக மாற்றி நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. நாப்தால் அசைவதில்லை. எடுத்த எடுப்பில் காஸ்டிக் சோடாவை ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே நீருக்கு வந்துவிடும். வலிமை குறைந்த காரம் முதலில், வலியது பிறகு: இந்த வரிசைதான் பிரிக்கிறது.

பொடியை எத்தில் அசிட்டேட்டில் கரைத்துப் பிரிபுனலில் எடுத்து, அதில் பைகார்பனேட் கரைசலை ஊற்றியதும் கார்பன் டைஆக்சைடு நுரைத்து வரும். அது அடங்கும்வரை பிரிபுனலை மூடக்கூடாது. பிறகு மூடி, தலைகீழாகப் பிடித்து, தண்டை ஆளில்லாத பக்கம் திருப்பி மெல்லக் குலுக்க வேண்டும். இடையிடையே ஸ்டாப்காக்கைத் திறந்தால் 'புஸ்' என்று வாயு வெளியேறும். அந்தச் சத்தம் நிற்கும்வரை பொறுமை வேண்டும். நிமிர்த்தி வைத்தால் இரண்டு அடுக்குகள் தெளியும். நீர் கீழே, எத்தில் அசிட்டேட் மேலே. கீழடுக்கைப் பீக்கரில் இறக்கி, பனிக்கட்டியில் குளிரவைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்ணாடிபோல் தெளிந்திருந்த நீரில் வெள்ளை வெளேரென்று பென்சாயிக் அமிலம் வீழ்படிவாகத் திரளும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. அடுத்து காஸ்டிக் சோடா நாப்தாலை எடுத்துவரும். கரைப்பானை ஆவியாக்கினால் பாச்சை உருண்டை மிஞ்சும்.

காரத்தன்மையுள்ள சேர்மங்களுக்கு இதே வேலையை அமிலம் செய்யும். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணி, தென்மாவட்டங்களில் பயிராகவே விளைகிறது. அதன் இலையிலுள்ள ஆல்கலாய்டுகள் காரங்கள். அமில நீர் அவற்றை இழுத்துக்கொள்ளும். பச்சையமும் மெழுகும் கரைப்பானிலேயே தங்கிவிடும். பின்பு அம்மோனியா சேர்த்தால் ஆல்கலாய்டுகள் நீரைவிட்டுக் கரைப்பானுக்குத் திரும்பும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டினும், அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கூட்டம் பெரியது, எல்லாமே காரங்கள். அமிலமும் காரமும் அவற்றை மொத்தமாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும். தனித்தனியாகப் பிரிக்கக் குரோமட்டோகிராஃபி வேண்டும். சுமார் 500 கிலோ காய்ந்த இலை இந்தப் படிகளையெல்லாம் தாண்டி வந்தால், கடைசியில் 1 கிராம் வின்பிளாஸ்டின் தேறும்.