முழு வானத்துக்கு எத்தனை படம்?

ஜொகூரின் மெர்சிங் கடற்கரையில் நின்று, தெரிகிற வானம் மொத்தத்தையும் ஒரே படமாக ஒட்ட எத்தனை படம் எடுக்க வேண்டும்?

முழுச்சட்டகக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நெடுக்காகப் பிடித்தால் ஒரு படத்தின் அகலம் 53 பாகை. 360-ஐ 53-ஆல் வகுத்து, ஏழு போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். படங்கள் ஒட்ட வேண்டுமானால் 30 விழுக்காடாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். புதிதாகக் கிடைப்பது 37 பாகைதான். ஆக, அடிவானத்தைச் சுற்றிவர 10 படங்கள். மேலே போகப்போக வட்டம் சுருங்கும். அடுத்த வரிசைக்கு 5 போதும். மொத்தம் 15. மளமளவென்று எடுங்கள், வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது!

இது பாதி வானம்தான். மறுபாதியையும் சேர்க்க, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் செர்ஜ் ப்ருனியே லா பால்மா தீவுக்கும் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கும் போனார். ஏறக்குறைய 1,200 படங்களை ஒட்டிய அவருடைய முழு வானப் படம் 2009-இல் வெளிவந்தது.

ஜொகூர்க்காரர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. நிலநடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால், சப்தரிஷி மண்டலமும் தென்சிலுவையும் இங்கிருந்தே சிக்கும். ஆண்டிறுதி மழை மறைக்கும் ஓரையனை மட்டும் செப்டம்பரில், விடியலுக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.